இருபத்து மூன்று வண்டிகள்

ராணுவ வாகனப் பணிமனையின் ஃபோர்மேனை அங்கே எல்லோரும் ‘இரவல்’ என்றுதான் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள்; அவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு லாரியின் சாமானைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தெட்டு வருட சர்வீஸில் தனக்குக் கிடைத்த பட்டமாகவே அதை நினைத்திருந்தார்.

அவர் பொறுப்பில் நாற்பது லாரிகள் இருந்தன. குண்டும் தோட்டாவும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாக எல்லைக்குப் போக வேண்டியவை. ஓட்டுநர்களில் ஒருவர் அவருடைய மாப்பிள்ளை.

லாரி பிரேக்கின் காற்றுப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் தட்டு இருக்கிறது. அது கிழிந்தால் இறக்கத்தில் வண்டி நிற்காது. வருடத்துக்கு நூறு தட்டு கேட்பார். பாதிக்குத்தான் நிதி ஒதுக்குவார்கள். அதுவும் நிதியாண்டின் பத்தாம் மாதத்தில்தான் வந்து சேரும். மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு, ஒப்பிட்டு, ஒவ்வொரு மேஜையிலும் கையெழுத்து வாங்குவதற்குள் ஆண்டு முடிந்து பணம் திரும்பிப் போய்விடும். கொடுத்ததையே செலவழிக்கவில்லையே என்று அடுத்த வருடம் அதிலும் வெட்டு விழும்.

“முக்கால் வருஷம் பணம் இல்லைங்கிறாங்க. மீதி வருஷம் ஏன் செலவு பண்ணலைங்கிறாங்க,” என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வார்.

“நம்ம வீட்டுல அந்தத் தொல்லையே இல்லைங்க. வர்றதுக்கு முன்னாடியே செலவாயிடுது,” என்பார் மனைவி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு வரும். பத்துப் பத்து வண்டிகளாகப் பார்ப்பார்கள். பார்த்து முடித்த வண்டிகளிலிருந்து நல்ல தட்டுகளைக் கழற்றி, அவர்கள் டீ, சாப்பாடு என்று போய் வருவதற்குள் அடுத்த பத்தில் மாட்டிவிடுவார். கடைசியில் ‘நாற்பதும் தகுதி’ என்ற சான்றிதழில் அவர் கையெழுத்து இருக்கும். மூன்று வருடமாக இப்படியே ஓட்டிவிட்டார்.

அந்த வருடம் எல்லைக்கு அப்பால் படைகள் குவிவதாகச் செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை நாற்பது லாரிகளும் சுமையோடு புறப்பட வேண்டும் என்று உத்தரவு.

“சண்டைக்கு இல்லை, ஃபோர்மேன்,” என்றார் பணிமனை மேஜர். “நாம தயாரா இருக்கிறது அவங்க கண்ணுல படணும். பட்டாதான் யோசிப்பாங்க.”

நாற்பதும் ஒரே நேரத்தில் போவதென்றால் எதிலிருந்து கழற்றி எதில் மாட்டுவது? இரண்டு மெக்கானிக்குகளோடு ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார்த்தார். புதன்கிழமை மதியம் கணக்குத் தெரிந்தது. இருபத்து மூன்றுதான் தேறின.

மாப்பிள்ளையின் வண்டி தேறவில்லை. பக்கத்து வண்டியில் இருந்தது நல்ல தட்டு. யோசிக்கவே இல்லை; அவர் கை பழக்கத்தில் ஸ்பேனரை எடுத்துப் பாதி போல்ட்டைக் கழற்றிவிட்டது. அந்த வண்டியின் கதவில் ஓட்டுநர் தன் இரண்டு பிள்ளைகளின் போட்டோவை ஒட்டியிருந்தார். ஃபோர்மேன் கண்ணில் அது பட்டது. பிறகு கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கினார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். “மாமா, நம்ம வண்டி எப்படி?”

“உங்க வண்டி போகாது, மாப்பிள்ளை.”

“எல்லாரும் போறாங்களே?”

“எல்லாரும் போகல. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்.”

மேஜர் முதலில் நம்பவில்லை. “போன ஆய்வுல நாற்பதும் சரின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமா சார். அது பொய்.”

மேஜர் பேனாவை மூடி வைத்தார். “இப்பவும் நாற்பதுன்னே எழுதுங்க. மெதுவா ஓட்டச் சொல்லிக்கலாம்.”

“இறக்கத்துல மெதுவா போகவே பிரேக் வேணும் சார்.”

 மேஜர் தகுதிச் சான்றிதழ்த் தாளை அவர் பக்கம் தள்ளினார். ஃபோர்மேன் இருபத்து மூன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்.

மறுநாள் இருபத்து மூன்று வண்டிகள் புறப்பட்டன. அவசரக் கொள்முதலுக்கு அனுமதி கிடைத்தது. மூன்று வருடமாக வராத தட்டுகள் ஒன்பதே நாளில் வந்து இறங்கின. மீதிப் பதினேழும் கிளம்பிப் போயின. பேச்சுவார்த்தை நடந்தது. சில வாரங்களில் எதிர்ப்பக்கம் படைகளை விலக்கிக்கொண்டது. நம் லாரிகளை அவர்கள் எண்ணினார்களா, எண்ணியது எப்போது என்று யாருக்கும் தெரியாது. போன வண்டிகள் எல்லாம் ஓட்டுநர்களோடு பத்திரமாகத் திரும்பின.

விசாரணை வந்தபோது பணத்தைத் திருப்பி அனுப்பிய கொள்முதல் பிரிவைத்தான் முதலில் பிடித்தார்கள். அதன் கண்காணிப்பாளர் அம்மா கோப்பைத் தூக்கிக்கொண்டு நேராகப் பணிமனைக்கே வந்துவிட்டார்.

“பணம் திரும்பிப் போனது நிஜம்தான் சார். இல்லைன்னு சொல்லல,” என்றார். “ஆனா ஆறு சான்றிதழ்ல நாற்பதும் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. ஓடற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்னு மேலே கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றது?”

ஃபோர்மேன் கோப்பை வாங்கிப் புரட்டினார். குற்றம் முழுக்க மேலிடத்தில் என்றே அதுவரை நினைத்திருந்தார். தன் கெட்டிக்காரத்தனமும் அந்தக் கோப்பில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தார்.

விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு இரண்டு வருட ஊதிய உயர்வு நின்றது. மேஜருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி, “போகுது விடுங்க. மாப்பிள்ளை முழுசா வந்தாரில்ல,” என்றார்.

புது நிதியாண்டின் முதல் வாரம் அவர் கொள்முதல் பிரிவுக்குத் தானே நடந்து போனார். கண்காணிப்பாளர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த அம்மா எழுதிக்கொண்டார். நூறு தட்டு கேட்டார்கள். எண்பது, ஐந்தாம் மாதமே வந்தது.