எஃபியின் எல்லாப் பருவ டயர்

கனடாவில் எங்கள் கேப் பிரெட்டன் தீவில் தபால் கொண்டுவரும் எஃபி மக்காஸ்கிலுக்கு ஐம்பத்தெட்டு வயது. மலைச்சரிவில் நூற்றிருபது வீடுகள். எல்லாவற்றுக்கும் தன் சொந்தக் காரில்தான் போவாள். பனியில் வழுக்காத குளிர்கால டயர் என்பது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்பது அவள் கட்சி.

"என் டயர்ல எல்லாப் பருவ டயர்னே போட்டிருக்கு. குளிர்காலம் பருவம் இல்லாம என்ன, பண்டிகையா?" என்பாள்.

அவள் கணவன் ரோரி மீன்பிடிப் படகுக்காரன். அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்று முப்பது வருஷத்தில் தெரிந்துகொண்டவன். போன அக்டோபரில் அவள் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிய அன்றே, காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போய் நாலு சக்கரத்துக்கும் குளிர்கால டயர் மாட்டிவிட்டான். பழையவற்றைப் படகுக் கொட்டகையில் ஒளித்துவைத்தான்.

திரும்பி வந்தவள், "கார் ஏன் இப்படி உறுமுது?" என்று கேட்டாள்.

"அதுக்கும் வயசாகுதில்ல" என்றான்.

பனி கொட்டியது. எஃபியின் கார் ஒருநாளும் வழுக்கவில்லை. அவள் வாசலுக்கு வாசல் நின்று பெருமையடித்ததில் எனக்கே பாதி மனம் மாறிவிட்டது. நைஜீரியாவிலிருந்து புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் ஃபாதர் உசோமாவுக்கு முழுவதும் மாறிவிட்டது. எந்த டயர் வாங்கலாம் என்று அவர் எஃபி வீட்டுக்கே வந்து கேட்டபோது, ரோரி பக்கத்தில் உட்கார்ந்து டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தானாம்.

ஜனவரியில் ஒரு காலை, கோயில் மேட்டில் ஃபாதரின் கார் மெதுவாகச் சறுக்கிப் பள்ளத்துப் பனிக்குள் இறங்கிவிட்டது. பின்னால் வந்த எஃபி அதே சரிவில் அசையாமல் நிறுத்தினாள்.

"ஓட்டுறதுல இருக்கு ஃபாதர்" என்றபடி இறங்கினாள்.

ஃபாதர் பள்ளத்திலிருந்து தவழ்ந்து ஏறினார். அவர் மூக்குக்கு நேரே எஃபியின் சக்கரம்.

"எஃபிம்மா, உங்க டயர்ல மலை போட்டு உள்ள பனிப்பூ போட்டிருக்கே?"

"அதுக்கென்ன?"

"குளிர்கால டயருக்குத்தான் அந்த முத்திரைன்னு கடைக்காரர் சொன்னார். அதைத்தான் எனக்கும் விக்கப் பாத்தார். நீங்கதான் வேணாம்னீங்க."

எஃபி குனிந்து பார்த்தாள். காரைச் சுற்றிவந்து நாலையும் பார்த்தாள். பிறகு கயிறு கட்டி அவர் காரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ரோரி மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"என் டயர் எங்க?"

"கொட்டகையில."

"ஃபாதர் வந்து கேட்டப்ப நீயும்தானய்யா இருந்த? வாயத் தொறந்தா என்ன?"

"நீ பேசினதக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு எஃபி."

நாலாம் நாள் அவனை ஃபாதர் வீட்டுக்குக் கூட்டிப்போய், பனியில் மல்லாக்கப் படுக்கவைத்து, புதுக் குளிர்கால டயர் நாலையும் அவன் கையாலேயே மாட்டவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஃபாதர் பெயர் சொல்லாமல் ஒரு டயர் கதை சொன்னார். கோயில் முழுவதும் திரும்பி எஃபியைப் பார்த்தது. எஃபி திரும்பி ரோரியைப் பார்த்தாள்.