ஒரு நிமிஷம் அக்கா

குழந்தைகள் பிரிவில் அந்த நர்ஸுக்கு 'ஒரு நிமிஷம் அக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இருமலோடு வரும் பிள்ளையை அவள் எடுத்த எடுப்பில் தொடமாட்டாள். தொட்டால் அழும், அழுதால் மூச்சு எகிறும், கணக்குத் தப்பிவிடும். எட்ட நின்று, சட்டையைத் தூக்கிவிடச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவாள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற சோம்பேறித்தனத்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கும் ஒரு தாய் பொறுமை இழந்தாள். "என்ன சிஸ்டர், புள்ள துவண்டு கிடக்கான், நீங்க வேடிக்கை பாக்குறீங்க."

நர்ஸ் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். நிமிடம் முடிந்ததும், "அம்பத்தெட்டு. ரெண்டு வயசுக்கு இது ரொம்ப அதிகம். வாங்க, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள். அந்தத் தாய் பிள்ளையை அள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அவளுடைய ஏழு வயது மகள் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு நர்ஸ் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கண் கடிகாரத்துக்கும் போர்வைக்கும் போய்ப் போய் வந்தது. பதினெட்டு, பத்தொன்பது. அதற்குமேல் போர்வை அசையவே இல்லை. ஒரே பாய்ச்சலில் போய் மகளை வாரி எடுத்தாள்.

அடக்கிவைத்திருந்த மூச்சை மகள் அவள் கழுத்தில் விட்டாள். அனலாக இருந்தது.

"இப்படிப் பண்ணாத்தானே நீ என்னைத் தொடுவே," என்றது பிள்ளை.