துபாய்க்குப் போன சல்லடை

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் ஆகாதவளுக்கு அறுபது வயது ஆவதே கிடையாது. ஐம்பத்தொன்பதுக்கு அடுத்து நேராகக் கிழவிதான். அறுபதாம் கல்யாணத்துக்குத் தாலி கட்ட ஒருவர் வேண்டும், கட்டிக்கொள்ள ஒருத்தி வேண்டும். அந்த இருவரில் நான் ஒருத்திதான் கைவசம்.

என் அண்ணனின் அறுபதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு மண்டபத்தில் நடத்தினோம். நடத்தினோம் என்ன, நடத்தினேன். சமையல்காரரிடம் பேசியது, மாலை சொன்னது, எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் அலைந்து பெரிய பித்தளைச் சல்லடை வாங்கியது எல்லாம் நான். அண்ணனையும் அண்ணியையும் மணையில் உட்காரவைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்தோம். பூஜையில் வைத்த கலசத் தண்ணீரைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் ஊற்றினார்கள். கை கடுக்கக் கடுக்கச் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். இருவரும் நனைந்து சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

என் அறுபது நெருங்கியபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன். "எனக்கு என்ன பண்ணப் போற அண்ணா?"

"உனக்கு என்னம்மா பண்றது? பக்கத்துல உக்கார ஆள் வேணுமே. கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிடலாம். சும்னே எதுக்கு ஊரைக் கூட்டணும்?" என்றார் எங்கள் பெங்களூர்த் தமிழில். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில், ஓய்வு பெறும் நாளில் தலையில் மைசூர் பேட்டா என்னும் தலைப்பாகை வைத்து, சந்தன மாலை போடுவார்கள். அரசாங்கத்துக்குத் தெரிந்த என் வயது வீட்டுக்குத் தெரியவில்லை. யார் செய்தாலும் செய்யாவிட்டாலும் என் அறுபதில் என் தலையில் தண்ணீர் விழும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து அண்ணன் மகன் எல்லோரையும் கப்பல் பயணத்துக்குக் கூப்பிட்டான். தோஹாவில் ஏறி வளைகுடா ஊர்களைச் சுற்றும் கப்பல். என் பிறந்தநாளன்று அது துபாயில் நிற்கும் என்று தெரிந்ததும் கைப்பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சல்லடையை வைத்தேன். பெங்களூர் விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அதைத் தூக்கிப் பார்த்தாள். "இதேனு மேடம்?" என்றாள். மாவு சலிக்க என்று கன்னடத்திலேயே சொன்னேன். கப்பலில் போய் எந்த மாவைச் சலிக்கப் போகிறாய் என்று நல்லவேளை அவள் கேட்கவில்லை.

துபாயில் கப்பல் நின்ற காலை. பலகாரம் சாப்பிடும்போது அண்ணன் மகன் திட்டத்தைச் சொன்னான். உயரமான கட்டடம், பெரிய மால், சாயந்தரம் திரும்பி வருவது. அவனுடைய குழந்தைக்கு லேசான சளி.

"பாப்பாவ அத்தை கப்பல்லயே பாத்துக்குவாங்க. சாயந்தரம் வந்து கேக் வெட்டலாம் அத்தை, சொல்லி வெச்சிருக்கேன்" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அத்தை என்றால் வீட்டோடு வந்தவள் என்பது அவனுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது.

"நான் பாத்துக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன், உடம்பு சரியில்லையா?" என்றார் அண்ணன். நான் ஒரு வேலையை மறுக்க வேறு காரணம் இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு எனக்கு அறுபது. நான் கடலுக்குப் போறேன்."

"கடல்லதானேம்மா இருக்கோம்?"

"கடல் மேல இருக்கோம். நான் உள்ள இறங்கணும். பாப்பாவ நீ பாத்துக்கோ அண்ணா. தாத்தா ஆயிட்டல்ல?"

அண்ணன் உதவிக்கு அண்ணியைப் பார்த்தார். அண்ணி வயதில் என்னைவிட இரண்டு வருஷம் சிறியவர், உறவில் பெரியவர். அதனால் ஒருவரை ஒருவர் "நீங்க" என்போம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே சமையலறை. எத்தனையோ நாள் பேசாமலே சமைத்திருக்கிறோம். அவர் அண்ணன் பக்கம்தான் பேசப்போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் காபியைக் குடித்து முடித்து, தன் பையை எடுத்துக்கொண்டார்.

"நானும் வரேன், வாங்க" என்றார்.

டாக்சியில் வழியெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். எங்கள் ஊரில் மெட்ரோவுக்குத் தூண் நடுவதற்குள் இங்கே ஊரையே கட்டிவிடுவார்கள் போலிருந்தது. உலகத்திலேயே பெரியது இது, அது என்று ஓட்டுநர் காட்டிக்கொண்டே வந்தார். நான் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கடற்கரையில் சல்லடையை வெளியே எடுத்ததும் அண்ணி பார்த்தார். "இது நம்ம மண்டபத்துச் சல்லடைதானே?"

"அதேதான்."

கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும், அங்கே கடலோ மேற்கே. அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி, அத்தனை பணக்காரக் கட்டடங்களும் பார்க்க, இடுப்பளவு தண்ணீரில் புடவையோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் நானே சல்லடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"அதை இங்க குடுங்க. இன்னைக்கு நீங்க பிடிக்கக் கூடாது" என்று அண்ணி பிடுங்கிக்கொண்டார். ஒரு கையில் சல்லடை, மறு கையில் கப்பலிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில். அது தீர்ந்ததும் கடலிலேயே மொண்டு மொண்டு ஊற்றினார். கரையில் நின்ற காவலாளி விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. என் கண்ணிலும் வாயிலும் உப்பு. அதில் பாதி கடலுடையது அல்ல. அழுதேன், வெட்கப்படவில்லை.

கரையேறி ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தோம். "உங்களுக்குத்தான் ரெண்டு வருஷம் முன்னாடியே இது ஆயிடுச்சே அண்ணி" என்றேன்.

"எனக்கு எங்க ஆச்சு? அது அவரோட அறுபது. அன்னைக்கு எனக்கு அம்பத்தாறு" என்றார். "எனக்கு அறுபது ஆகிறப்போ யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

தாலி இருந்தால் போதும், அறுபது தானாக வந்துவிடும் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அண்ணியின் பைக்குள் போன் அடித்தது. அண்ணன்தான். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டிருக்கும், அண்ணி எடுத்தால்தானே. அடித்து ஓயட்டும் என்று பையை மூடினார்.

"உங்க அறுபதுக்கு நான் ஊத்தறேன். எந்தக் கடல் வேணும், சொல்லுங்க" என்றேன்.

அண்ணி சல்லடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"கடலெல்லாம் வேணாம். மல்லேஸ்வரத்துல, அதே மண்டபத்துல, எல்லாரும் பாக்கப் பண்ணணும். மணையில நான் மட்டும் உக்காருவேன். சல்லடைய உங்க அண்ணன் பிடிக்கட்டும்."