கழுத்துப் பட்டன்

கடற்கரை என்றாலே தையல்காரருக்குப் பயம். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால்? அதனால் குடும்பத்தோடு கடலோர ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் ஐந்து வயது மகளுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் கவுன் தைத்து மாட்டிவிடுவார். இந்த முறை ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்கு வாங்கியதில் மிஞ்சிய மஞ்சள் துணி.

"ஊருக்கெல்லாம் தைப்பீங்க, நம்ம பொண்ணுக்குக் கழுத்துப் பட்டன் வைக்க மட்டும் நேரமில்ல," என்று கிளம்பும்போதே மனைவி கடுகடுத்தாள்.

"பின்கழுத்துதானே, யார் பாக்கப்போறா? ஒரு ஊக்கைக் குத்து."

படகுத்துறையில் ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பினால் மகளைக் காணோம். மஞ்சளைத் தேடினார். துறை முழுக்க மஞ்சள். அதே பள்ளிக்கூடம் சுற்றுலா வந்திருந்தது. அவர் தைத்த அறுபது கவுன்களும் முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் கடல்.

ஓடிப்போய் ஒரு தோளைத் தொட்டுத் திருப்பினார். யாரோ பெற்ற பிள்ளை, வீறிட்டது.

"யாருய்யா நீ? கையை எடு!" என்று டீச்சர் பாய்ந்தார். அவர் பஸ்ஸை நோக்கி ஓடினார்.

பஸ் உறுமியது. கடைசிப் படியில் ஒரு பின்கழுத்தில் ஊக்கு மின்னியது.

வாரி எடுத்தார். "வரிசையில நிக்கச் சொன்னாங்கப்பா," என்றாள் மகள்.

திரும்பும் வழியில் மனைவி அழுது ஓய்ந்து, "வீட்டுக்குப் போனதும் பட்டன் வெச்சிடுங்க," என்றாள்.

"வேண்டாம்," என்றார். ஊக்கைப் பற்றிய விரல்களை வீடு வரும்வரை அவர் எடுக்கவேயில்லை.