பள்ளிச் சுவரில் அக்கா

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம். அதன் மதில்மேல் ஓர் இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் ஒரு வருடம் என் பெரியப்பா மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள் என்று ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தார்கள். அடித்தவர்கள் சும்மா விடவில்லை. மாநிறமான அக்காவைப் பால்கோவா நிறத்துக்கு ஏற்றி, போதாததற்கு உதட்டில் சாயமும் பூசியிருந்தார்கள். யாருக்கா இது, நம்ம சொந்தமா என்று நான் கேலி செய்வேன். துரத்தி வந்து தலையில் குட்டுவாள். பெரியப்பா எங்கே போவதானாலும் அந்த வழியாகத்தான் வண்டியை விடுவார்.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். முதல் சில மாதம் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு, நான் என்ன கேலி செய்தாலும் அவள் குட்ட வரவில்லை. தலைவலி என்பாள். மாலையில் வந்தால் தோளிலிருந்து பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ஞாயிறு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரியே இருப்பாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் போர்டில் பார்த்தோம் என்று பூரித்துப் போவார்கள். கொஞ்ச நாளில் அந்த வழியையே விட்டுவிட்டு, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தாள். கேட்டதற்கு அங்கே காற்று நன்றாக வருகிறது என்றாள். எங்கள் ஏரிக் காற்றின் மணம் தெரிந்தும் வீட்டில் எல்லோரும் அதை நம்பினோம்.

எனக்குப் பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு நாள், கல்லூரியைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அவளோடு ரயிலில் போனேன். பொத்தேரி வந்ததும் பெட்டியே காலியானது. எழுந்த என்னை அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ரயில் கிளம்பிவிட்டது. பல நாள் இப்படித்தான் செங்கல்பட்டு வரை போய்விட்டு, மாலை வரை ஸ்டேஷனில் இருந்துவிட்டுத் திரும்புகிறாளாம். சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"படிக்க முடியலன்னு இல்லடி. புக்கைத் தொறந்தா எல்லாம் அப்படியே இருக்கு. நான்தான் அங்க இல்ல."

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவ்வளவு தனியாக இருந்த ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அன்று மாலையே சொல்லிவிட்டேன்.

ஊர்க் கண்ணெல்லாம் போர்டு வழியாகப் பட்டுவிட்டது என்று பெரியம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடு முழுக்க இருமினோம். அக்கா மட்டும் படுத்தபடியே இருந்தாள். பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். உடம்பும் மனதும் சேர்ந்து ஓய்ந்து போயிருக்கின்றன, படிப்பைச் சில மாதம் நிறுத்தி வையுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்றார் அவர். சிரிப்பும் சண்டையும் குறைந்தபோதே அழைத்து வந்திருந்தால் சீக்கிரம் தேறியிருப்பாள் என்றும் சொன்னார். அடுத்த வருடம் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று கல்லூரியும் ஒப்புக்கொண்டது. பெரியப்பாதான் இறங்கி வரவில்லை. போர்டில் இருக்கிற பெண் வீட்டில் இருந்தால் நாலு பேர் கேட்க மாட்டார்களா என்று புலம்பினார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே பேசினாள்.

"அப்ப அந்த போர்டை எடுக்கச் சொல்லுங்கப்பா."

மறுநாள் பெரியப்பா பள்ளிக்குப் போனார். நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். போடச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள், எடுக்கச் சொல்லி நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று தாளாளர் சிரித்தார். பெரியப்பா தணிந்த குரலில் சொன்னார்.

"எம் பொண்ணு வீட்ல எழுந்திருக்க முடியாம படுத்திருக்கா சார். இங்க மட்டும் எதுக்கு சிரிச்சிட்டு நிக்கணும்?"

போர்டை எடுத்துவிட்டார்கள். அக்கா தேறுவதற்கு நாளாயிற்று. தேறிய பின் அதே கல்லூரியில் ஜூனியர்களோடு உட்கார்ந்து படித்து முடித்தாள். இப்போது வேலைக்காக வெளியூரில் இருக்கிறாள். நான் அந்த வழியாகத் தனியாகத்தான் ஸ்டேஷனுக்கு நடக்கிறேன். கேலி செய்யவும் குட்டவும் கூட ஆளில்லை. தெருவே நீண்டுவிட்ட மாதிரி இருக்கிறது. சட்டத்தில் புது முகம் வந்ததும் அக்காவுக்குப் போனில் சொல்வேன். அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறது, போய்ப் பேசினாயா என்று விடாமல் கேட்பாள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தவளே அவள்தான். அவள் திரும்பக் கல்லூரிக்குப் போன வருடம், அவளுக்குப் பிறகு அந்தச் சட்டத்துக்குள் வந்த பெண்ணும் அவள் கல்லூரியிலேயே சேர்ந்திருந்தாள். அக்கா விசாரித்துக்கொண்டு போய் கேன்டீனில் அவளைப் பிடித்திருக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதும், நல்லா இருக்கேன்க்கா என்று அந்தப் பெண் பளிச்சென்று சிரித்தாளாம். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நானும் அதைத்தாம்மா சொல்லிட்டிருந்தேன்."

அதற்கப்புறம்தான் அந்தப் பெண் அழுதாளாம்.