எலியின் வயிற்றில் இரண்டாவது இதயம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எலியின் வயிற்றுக்குள் இன்னொரு எலியின் இதயத்தைத் தைக்கிறேன் என்று ஒருமுறை கல்யாண விருந்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இலையோடு நகர்ந்துகொண்டார். பினாங்கில் பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

வாங்கும் எலியின் சொந்த இதயத்தை நாங்கள் தொடுவதில்லை. அது நெஞ்சிலேயே இருக்கும். கொடுக்கும் எலியின் கதை அன்றைக்கே முடிந்துவிடும். அதன் இதயத்தைக் குளிர்ந்த உப்புநீரில் கழுவி எடுத்து, நுண்ணோக்கிக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால், வயிற்றில் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய்களோடு இணைப்பேன். விரல் நடுங்கக் கூடாது என்பதால் காலையில் காப்பிகூட குடிப்பதில்லை. கவ்விகளை எடுத்ததும், வெளுத்துக் கிடந்த இதயம் சிவக்கும். கொஞ்ச நேரம் சும்மா நடுங்கிவிட்டு, பிறகு துடிக்க ஆரம்பிக்கும். அதற்கு ஒரு வேலையும் கிடையாது. அந்நிய இதயத்தை உடம்பு எத்தனை நாள் பொறுத்துக்கொள்கிறது என்று நாங்கள் நாளை எண்ணிக்கொண்டிருப்போம்.

இதை என் தம்பியிடம் விளக்கியபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு மூச்சு வாங்கினான்.

"உள்ள வந்து உக்காந்து ரத்தத்தக் குடிக்குது, ஒரு வேலையும் செய்யறதில்ல. வீட்டோட மாப்பிள்ளை லா அது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர்.

தம்பி, தீவுக்கு எதிர்க்கரையில் எங்கள் வீடு இருக்கும் பட்டர்வொர்த்தில், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகிப்போய், அவற்றை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அவன் இதயமும் தளர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். கோலாலம்பூரில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது. அதன் பிறகு பாகான் டாலாம் வீட்டில் அம்மா, நான், அவன் மூவரும் தொலைபேசி மணி அடிப்பதற்காகவே உட்கார்ந்திருந்தோம். எலிக்கு நுரையீரல் மாற்றுவதையும் எங்கள் கூடத்தில் முயன்று பார்த்தோம். பல எலிகள் மேசையிலேயே போய்விட்டன. அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

அந்த வருடம், உடம்பு அந்நிய இதயத்தை ஒதுக்காமலிருக்க ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மருந்து கொடுத்த எலிகளில், காதில் ஒற்றை வெட்டு அடையாளம் கொண்ட ஒன்று மற்றவற்றைவிட அதிக நாள் தாங்கியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தினமும் நான் ஃபெரியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி அதுவாகிவிட்டது. "அக்கா, மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" நல்லா துடிக்கிறார் என்றால் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவான். அந்த எலியின் இதயம் நிற்கக் கூடாது என்று நான் வெறியோடு விரும்பினேன். மருந்து நல்ல மருந்தா என்பதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் இரண்டு பேர், தனித்தனியாக, எலியின் வயிற்றை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பலமான துடிப்புக்கு நான்கு. குறையக் குறைய எண்ணும் குறையும். பூஜ்யம் விழுந்தால் அன்றே எலியை மயக்கித் திறந்து பார்த்து, மயக்கத்திலேயே முடித்துவிடுவோம். படிவத்தில் இதற்குக் கருணை முடிவு என்று போட்டிருக்கும். கருணையாம்.

என்னோடு தொட்டுப் பார்ப்பவர் கால்நடை மருத்துவர், என்னைவிட இளையவர். நோன்புப் பெருநாளுக்கு பாலிக் புலாவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது, "பக்கத்து ரூம்ல யாரையாச்சும் கூப்பிட்டுக்குங்கக்கா, தனியா பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் யாரையும் கூப்பிடவில்லை. வேறொருவர் விரல் பூஜ்யம் என்று சொல்லிவிடுமோ என்று பயந்தேன். இன்றைக்கு அதை மறைப்பதில் என்ன இருக்கிறது.

முதல் நாள் இரண்டு எழுதினேன். மறுநாள் விரலுக்கடியில் ஒரு மெல்லிய உந்தல் மட்டும். ஒன்று என்று எழுதினேன். அதற்கடுத்த மூன்று நாளும் ஒன்று. எலி தீனியைத் தொடாமல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூண்டைச் சுத்தம் செய்தேன், தண்ணீர் மாற்றினேன், வீட்டுக்குப் போய் மாப்பிள்ளை தாங்குகிறார் என்றேன்.

பெருநாள் பலகாரத்தோடு திரும்பி வந்தார் மருத்துவர். எலியைப் பிடித்து விரலை வைத்தார். கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மறுபடியும் நகர்த்தினார்.

"அக்கா, கெட்டியா இருக்கு. துடிக்கறது இது இல்ல. பின்னால ஓடுற பெரிய குழாய். அதுதான் இதத் தூக்கித் தூக்கி விடுது."

திறந்து பார்த்தோம். வேகவைத்த ஈரல் மாதிரி கறுத்து இறுகிக் கிடந்தது. செத்து நான்கு நாள் இருக்கும் என்றார். புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தவறு இது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஒன்று என்று எழுதிய நான்கு வரிகளையும் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என் ஆசைக்காக அந்த எலி நான்கு நாள் செத்த சதையைச் சுமந்திருக்கிறது. என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் தம்பி கேட்டான். "துடிக்கிறார்," என்றேன். சிரித்துவிட்டு, ரசம் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டான்.

அதற்குப் பிறகு தினமும் பொய்தான். மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவன் குளியலறையில் விழுந்தான். மருத்துவமனையில் இதயத்தைத் திரும்ப ஓடவைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் மூளை போய்விட்டது. இரண்டு முறை சோதித்துவிட்டோம், இனி செய்ய ஒன்றுமில்லை, இயந்திரத்தை நிறுத்துவது பற்றி அம்மாவிடம் நீங்களே பேசுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அம்மா கையில் ஜெபமாலையைச் சுற்றியபடி அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். கை மெல்ல ஏறியது, இறங்கியது.

"பாரு, நல்லா மூச்சு விடுறான். டாக்டருங்க என்னமோ சொல்றாங்க. நீ தினம் தொட்டுப் பாக்குறவ, நீ சொல்லு."

"அவன் விடலம்மா," என்றேன். "மெசின் தூக்கித் தூக்கி விடுது."

அம்மா கையை எடுக்கவில்லை. "உன் எலி இன்னும் துடிக்குதுன்னு விழறதுக்கு முந்தின நாள்கூட சொன்னானே."

"அது செத்து மூணு வாரமாச்சு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

அம்மா தலையை ஆட்டினார். பிறகு அவன் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்.