சொல்லி வைத்து அடித்த அடி

ஓணத்துக்கு எங்கள் ஊர் கிளப் நடத்தும் வடம்வலிப் போட்டியில் ஜெயித்தால் ஒரு வாழைக்குலை கிடைக்கும். குலசேகரம் பக்கம் வாழைக்குலைக்கு அப்படியொன்றும் பஞ்சமில்லை. ஆனாலும் அதற்காகத்தான் சித்தப்பா அடி வாங்கினார். எதிரணியில் நின்றவர் அவருடைய கூட்டுக்காரர். ஒன்றாகப் படித்தவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். விசில் ஊதும் முன்பே வடத்தை இழுத்துவிட்டாய் என்று கத்தி, ஊரே பார்த்திருக்க, சித்தப்பாவின் செவிட்டில் ஒன்று வைத்தார். சித்தப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா கேட்டார். “அடிய வாங்கிட்டு வந்து சோறு திங்கியா? நீயெல்லாம் ஆம்பளையாலே?”

சித்தப்பா பாதியில் எழுந்து கை கழுவினார். அவர் துபாயில் வெல்டர். லீவு முடிந்து அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். அடிதடியில் மாட்டினால் பயணம் போச்சு என்பது அப்பாவுக்கும் தெரியும்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் ரப்பர் ஷீட் எடுக்கக் கொட்டகைக்குப் போனோம். உள்ளே சித்தப்பாவும் மாமாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சாயங்காலம் சாயாக்கடைக்கு வா. எல்லாவனும் நிப்பான். செவிட்டில ஒண்ணு வச்சிட்டுப் போ. நான் திருப்ப மாட்டேன்” என்றார் மாமா.

“ஏலே, உனக்கு வலிக்குமே” என்றார் சித்தப்பா.

“மெல்ல அடிச்சா நம்ப மாட்டானுவ மக்கா.”

எங்களைப் பார்த்ததும் இருவரும் அசடு வழிந்தார்கள். “ஏட்டி, வெளிய யாருட்டயும் மிண்டாத, சொல்லிராத” என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

சாயங்காலம் சித்தப்பா அடித்தார். நன்றாகவே அடித்தார். மாமாவும் சொன்னபடி சும்மா நின்றார். ஆனால் மாமாவின் தம்பிக்கு விஷயம் தெரியாது. அதை எப்படி ஒருவனிடம் சொல்வது? கடை வாசலில் கிடந்த விறகை எடுத்து அவர் போட்ட போட்டில் சித்தப்பாவின் வலது மணிக்கட்டு ஒடிந்தது. துபாய் வேலையும் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள்.

“வேண்டாம் மைனி. தெரிஞ்சா நாங்க ரெண்டு பேரும் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது” என்றார் சித்தப்பா.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், தன் தம்பி திருப்பி அடித்த கதையை அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு அவரைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கை ஒடிந்ததை ஊரெல்லாம் சொல்லலாம், கொட்டகையில் பேசியதை மட்டும் ஏன் சொல்லக்கூடாது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.